பக்க எண்ணையும் கூட்டியவன்

பி.காம். முடித்த கையோடு புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடலை மண்டியில் கணக்கெழுதப் போனேன். குறிப்பேட்டில் தொகைக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு கட்டம் உண்டு. அந்த ஆளின் கணக்கு பேரேட்டில் எந்தப் பக்கம் என்று அதில் எழுத வேண்டும். அது காசு அல்ல. காசு இருக்கிற இடம்.

ஒரு அவசரத்தில் அந்த 214-ஐயும் சேர்த்துக் கூட்டிவிட்டேன்! ஆலங்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் வாங்கின முன்பணத்தில் 214 ரூபாய் ஏறிப்போச்சு. பாவம், பஸ் பிடித்து வந்து, "எழுதுனது நீங்கதானா தம்பி?" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் கொன்றது.

பிற்பாடு கம்ப்யூட்டர் மொழிகள் பற்றிப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல். இந்தத் தப்புக்குப் பெரிய பெரிய ஆட்களே இடம் விட்டிருக்கிறார்கள்.

மெஷினின் மெமரியும் ஒரு பேரேடுதான் சார். கட்டம் கட்டமாக எண்கள். சிலது சரக்கு, சிலது வேறு கட்டத்தின் விலாசம். அமெரிக்காவில் பெல் லேபில் கென் தாம்ஸன் 1969 வாக்கில் உருவாக்கிய 'பி' மொழி இரண்டையும் பிரித்துப் பார்க்காது. எல்லாம் ஒரே அளவு எண். எது எதுவென்று எழுதுகிறவன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது!

1970-ல் அவர்களுக்கு பிடிபி-11 என்ற மெஷின் வந்தது. நம் சமஸ்தானத்து அம்மன் காசு மாதிரி அதில் சில்லறை உண்டு. பைட். ரூபாய் நோட்டு மட்டுமே தெரிந்த 'பி' திணறியது. டென்னிஸ் ரிட்சி கட்டங்களுக்குத் தலைப்பு போட்டார்: இது எழுத்து, இது முழு எண், இது விலாசம். அப்படிப் பிறந்ததுதான் 'சி'. 1973-ல் யூனிக்ஸின் மையப் பகுதியையே அதில் திருப்பி எழுதிவிட்டார்கள்.

தலைப்பு போட்டாரே தவிர, காவல் போடவில்லை. ஒதுக்கின இடத்தைத் தாண்டி எழுதினாலும் 'சி' பேசாமல் எழுதும். வரிக்கு வரி சரிபார்த்துக்கொண்டிருந்தால் 24 கிலோபைட் மெமரியில் குடித்தனம் நடத்த முடியுமா? மொழி எளிமை என்கிறார்களே, மொழி விட்ட வேலையெல்லாம் யார் தலையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1988 நவம்பரில் ஒரு மாணவர் ஏவிய 'புழு', 512 பைட் இடத்தில் 536-ஐத் திணித்தது. வழிந்தது எங்கே விழுந்தது தெரியுமா? அடுத்து எந்த விலாசத்துக்குப் போவது என்ற எண்ணின் மேல்! ஆயிரக்கணக்கான மெஷின்கள் படுத்தன. 2015-ல் முதல் நிலையான பதிப்பு வந்த 'ரஸ்ட்' கறார் ஆடிட்டர். சந்தேகம் வந்தால் கணக்கையே வாங்காது. பழகுவதற்குள் மண்டை காயும்.

அந்த 214 ரூபாயை முதலாளி என் சம்பளத்தில் பிடித்தார். மறுநாள் மேஜை மேல் ஒரு சிவப்புப் பேனா.

"இனிமே பக்க எண்ணை இதுலதான் எழுதணும், தம்பி."