கதை அளப்பதற்கும் ஓர் அளவு உண்டு

ஆதிக்கதைகள் எல்லாம் ஊதிப் பெருப்பித்தவை, அளவு தெரியாத மனிதர் அளந்துவிட்டவை என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எங்கள் தீவு ஊரான மண்கும்பானில் அம்மம்மாவின் மடியில் நயினாதீவுக் கதை கேட்டு வளர்ந்த என்னால் இதை ஒப்ப முடியவில்லை.

அளவு தெரியாதவர்களா? புளியந்தீவிலிருந்து நயினாதீவு அம்மனுக்குப் பூக் கொண்டு கடலில் நீந்தி வருகிறது நாகம். கருடன் மறிக்க, ஒரு கல்லைச் சுற்றிக்கொள்கிறது. கடலும் கருடனும் பெரிது. நாகத்தின் வாயில் இருப்பதோ ஒரே ஒரு பூ. கூடை நிறையப் பூ என்றிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். வட அமெரிக்காவின் இரோகுவா மக்களுக்கும் இந்த நுட்பம் தெரிந்திருந்தது. அவர்கள் கதையில் எங்கும் தண்ணீர். வானுலகிலிருந்து விழும் பெண்ணைப் பறவைகள் தாங்கி ஆமை முதுகில் இறக்குகின்றன. அடியிலிருந்து மண் எடுக்கப் பெரிய விலங்குகள் மூழ்கித் தோற்கின்றன. எலி போன்ற ஒரு சின்ன நீர்ப்பிராணிதான் கடைசியில் கொஞ்சம் சேறு கொண்டுவருகிறது என்று பலர் சொல்வார்கள். ஆமை முதுகில் வைத்த அந்தச் சேறே உலகமாய் விரிகிறது. வியப்பைத் தொல்காப்பியம் மருட்கை என்கிறது. அது பிறக்கும் இடங்களில் பெருமைக்குப் பக்கத்திலேயே சிறுமையையும் வைத்திருக்கிறது.

கேட்டவர்கள் அப்படியே நம்பினார்கள் என்பதும் சரியல்ல. அணியிலக்கணம் சொல்லும் தண்டியலங்காரம் அதிசயத்தை, தெரிந்தே மிகைப்படுத்துவதை, ஓர் அணியாகவே வகுத்திருக்கிறது. பரவைக்கடலில் எங்கே முழங்கால், எங்கே கழுத்து என்று அம்மம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நாகத்தை நீந்தவிட்டார்.

இந்தக் கதைகளை வெறும் அலங்காரம் என்பவர்களிடம்தான் எனக்கு உண்மையான கோபம். அவர்கள் ஒருமுறை மண்கும்பான் மணலில் கைவிட்டுப் பார்க்க வேண்டும். மேலே சுடும், ஒரு முழம் தோண்டினால் குளிரும், இன்னும் கொஞ்சம் போனால் ஈரம் கையில் ஒட்டும். மாரி மழை இந்த மணலுக்குள் இறங்கி, கடலின் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராய் மிதக்கிறது. பக்கத்துச் சாட்டிக் கிணறுகளின் ருசி அதுதான். மணலை அள்ளிக்கொண்டு போனால் கிணறு உவர்க்கும். கிணறு உவர்த்தால் ஊர் எழும்பிப் போகும். ஆமை முதுகில் ஒரு பிடி மண், அதன்மேல் மனித வாழ்வு என்று இரோகுவாக் கிழவி சொன்னால், எங்கள் தீவில் அதை மிகை என்று யார் சொல்வார்? லொறியில் மணல் ஏற்றுகிறவனுக்கு அம்மம்மா இந்தக் கதையைத்தான் சொல்லியிருப்பார்.