மருந்தை நிறுத்தும் தீர்மானம் யாருடையது?

காய்ச்சல் தணிந்ததும் குளிகையை நிறுத்திவிடுவது எமது மக்களிடையே நீண்டகாலமாக ஊறிப்போன வழக்கமாகும். ஆயினும் வாழ்நாள் முழுவதும் உடலில் தங்கியிருக்கும் நோய்களின் விடயத்தில் இவ்வழக்கம் பேராபத்தாக முடிகின்றது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை தொடர்பில் இது பற்றிய விழிப்புணர்வு ஓரளவு ஏற்பட்டுள்ளது. ஆனால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி நோயைப் பொறுத்தவரை அத்தகைய விழிப்புணர்வு இல்லையென்றே கூறவேண்டியுள்ளது.

பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்களும் ஏற்பட்டு, இரத்தமும் சளியும் கலந்த வயிற்றோட்டம், வயிற்றுவலி, இரத்தசோகை என்பவற்றால் நோயாளர் துன்புறுகின்றனர். உழைக்கும் வயதிலுள்ள இளையோரையே இது பெரிதும் பீடிக்கின்றது. மேற்குலகின் நோயென ஒருகாலத்தில் கருதப்பட்ட இது எமக்கும் அந்நியமானதன்று. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளை அடிப்படையாகக் கொண்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 100,000 பேரில் சுமார் 5 பேர் இந்நோயுடன் வாழ்வதாகத் தெரிவித்தது. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஆசிய நாடுகளில் இந்நோய் அதிகரித்து வருகின்றது என்பதை மறந்துவிடலாகாது.

இந்நோய்க்கான சிகிச்சை இரண்டு கட்டங்களைக் கொண்டது. கிளர்ந்தெழும் நோயை அடக்குவது முதற் கட்டம். அடங்கிய நோய் மீண்டும் எழாது காப்பது இரண்டாம் கட்டம். ஸ்டீரொயிட் மருந்துகள் முதற் கட்டத்துக்கே உரியவை. அவற்றை நீண்டகாலம் பாவித்தால் எலும்புகள் பலவீனமடைவதும் இரத்தத்தில் சீனியின் அளவு உயர்வதுமே மிஞ்சும். இரண்டாம் கட்டத்துக்குரிய மருந்துகள் வேறானவை. சல்பாசலசின் என்னும் பழைய, மலிவான மருந்து நோய் மீளெழுவதைத் தடுக்கின்றது என்பது 1965ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய வைத்தியர்களால் நிரூபிக்கப்பட்டது. பின்னர் மெசலசின், அசத்தியோபிரின் ஆகியனவும், விலை கூடிய இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகளும் பாவனைக்கு வந்தன.

இரண்டாம் கட்டத்திலேயே பலர் தவறிவிடுகின்றனர். நோய் அடங்கிய நிலையிலிருந்த 99 பேரை அவதானித்து அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். மெசலசினை ஒழுங்காக உட்கொள்ளாதோருக்கு நோய் மீளும் அபாயம், ஒழுங்காக உட்கொண்டோரைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமெனக் கண்டறியப்பட்டது. ஒவ்வொரு மீளெழுச்சியும் ஸ்டீரொயிட்டுக்கும், சிலவேளை குடலையே அகற்றும் சத்திரசிகிச்சைக்கும் இட்டுச்செல்லக்கூடும். ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆபத்தும் கூடுகின்றது.

எனினும் நோயாளரைக் குறைகூறுவதால் பயனில்லை. அவர்கள் மருந்தை நிறுத்துவதற்குக் காரணங்கள் உண்டு. சல்பாசலசின் ஆண்களின் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். ஆனால் வேறு மருந்துக்கு மாறினால் அந்நிலை சீராகிவிடும். இதனை எவரும் கூறாதவிடத்து, திருமணமான இளைஞன் தானாகவே மருந்தைக் கைவிடுகின்றான். கருவுற்ற பெண் சிசுவுக்குத் தீங்கு நேருமென அஞ்சிக் குளிகையை நிறுத்துகின்றாள். உண்மையில், கர்ப்பகாலத்தில் நோய் கிளர்ந்தெழுவதே தாய்க்கும் சேய்க்கும் பெரும் ஆபத்தாகும். இம்மருந்துகளில் பெரும்பாலானவற்றை வைத்திய ஆலோசனையுடன் தொடர முடியும். ரமழான் நோன்பு காலத்தில் பகல்வேளை மருந்தை எவ்வாறு உட்கொள்வது என்ற கேள்வியும் எழுகின்றது. மெசலசினை நாளுக்கு ஒரு தடவை உட்கொண்டாலும் பலன் குறைவதில்லை என்பதால், இப்தார் அல்லது ஸஹர் வேளைக்கு அதனை மாற்றுவது பற்றி வைத்தியருடன் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். நோய் கடுமையாக உள்ளோருக்கு மார்க்கமே சலுகை வழங்கியுள்ளது.

இவை அனைத்தும் உரையாடலைக் கோருகின்ற விடயங்களாகும். அசத்தியோபிரின் பெறுவோருக்கு ஒழுங்கான இரத்தப் பரிசோதனை அவசியம். இன்ஃபிளிக்சிமாப் ஆரம்பிக்கும் முன்னர் காசநோய்த் தொற்று உள்ளதா எனப் பார்த்தாக வேண்டும். எந்த மருந்தை, எவ்வளவு காலத்துக்கு, எத்தகைய பக்கவிளைவை ஏற்றுக்கொண்டு தொடர்வது என்பதை வைத்தியரும் நோயாளரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். சனநெரிசல் மிக்க கிளினிக்கில், அதுவும் நோயாளரின் தாய்மொழியில் பேச எவருமற்ற இடத்தில், இது நடைபெறுமென எதிர்பார்ப்பது கடினமே.

அரசாங்கத்தின் பொறுப்பு இங்குதான் வருகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியதையும், பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டதையும் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வேளைகளில் மருந்தை நிறுத்தும் தீர்மானத்தை வைத்தியரும் எடுப்பதில்லை, நோயாளரும் எடுப்பதில்லை. வெறுமையான மருந்து அலுமாரியே எடுக்கின்றது. அத்தியாவசிய மருந்துகள் நியாய விலையில் அனைவருக்கும் கிடைக்கவேண்டுமென்ற பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையிலிருந்தே 1971ஆம் ஆண்டில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. சல்பாசலசின் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. இத்தகைய மலிவான மருந்துகளேனும் இடையறாது கிடைப்பதை உறுதிப்படுத்த முடியாவிடின், இலவச சுகாதார சேவை பற்றிப் பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

வெளியே தெரியாத நோயென்பதால் இந்நோயாளரின் குரல் எங்கும் ஒலிப்பதில்லை. மாதாந்தக் குளிகை கைக்குக் கிடைப்பதும், அது ஏன் தேவையென்பது அவர்களது மொழியிலேயே விளக்கப்படுவதும் சலுகைகள் அல்ல. சிகிச்சையின் பிரிக்கமுடியாத அங்கங்களாகும். சுகாதார அமைச்சு இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும். நோயாளரும் உடல் தேறிவிட்டதென எண்ணித் தாமாகவே மருந்தை நிறுத்தாது, முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.