உயர்ந்த சர்க்கரை நோயாளியின் குற்றமன்று

அறுவைக்கு முன்புவரை கட்டுக்குள் இருந்த நீரிழிவு நோயாளியின் இரத்தச் சர்க்கரை, அறுவைக்குப் பின் 250ஐத் தாண்டுகிறது. உடனே படுக்கையருகே விசாரணை தொடங்குகிறது: "என்ன சாப்பிட்டீர்கள்? யார் பழச்சாறு கொண்டுவந்தது?" நம் நாட்டு மருத்துவமனைகளில் பழகிப்போன காட்சி இது. இதனை அக்கறை என்று ஏற்க என்னால் இயலாது. பாடநூலில் படித்த உடலியங்கியலைப் படுக்கையருகே மறந்துவிடும் வழக்கம் இது.

தன்னைக் கீறுவது பகைவனின் கத்தியா, மருத்துவரின் கத்தியா என்று உடல் பிரித்தறிவதில்லை. காயம் பட்டதும் அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் ஆகியவை பெருகுகின்றன. கல்லீரல் தன் சேமிப்பைக் கரைத்துக் குளுக்கோஸை வெளியிடுகிறது. போதாதபோது புரதத்திலிருந்தும் புதிதாக ஆக்குகிறது. கணையத்தின் இன்சுலின் சுரப்பு மட்டுப்படுகிறது. சுரந்த இன்சுலினுக்கும் தசைகள் செவிசாய்ப்பதில்லை. எனவே ஒரு மிடறு நீரும் அருந்தாதவருக்கும் சர்க்கரை ஏறும். அவரிடம் போய் 'என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்பதில் என்ன அறிவியல் இருக்கிறது? வாந்தியைத் தடுக்க மயக்கவியலார் செலுத்தும் டெக்சாமெத்தசோனும் சர்க்கரையை உயர்த்தும். வலியும் அச்சமும் அதே ஹார்மோன்களைத் தூண்டும். அச்சுறுத்தும் விசாரணை எதைத் தூண்டும் என்பதை விசாரிப்பவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

'அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா?' என்று கேட்பார்கள். உண்டு. அதை அளக்கும் கருவியும் உண்டு. எச்பிஏ1சி சோதனை முந்தைய இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். அறுவை முடிவானதுமே அதனைச் செய்யாமல், பின்னர் விரல்நுனியில் எடுத்த ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்பெழுதுவது முறையன்று.

பழி சுமத்துவதால் விளையும் பெருங்கேடு, மருத்துவமுறையின் குறை மறைந்துபோவதே. சர்க்கரை ஏறிய பின் அதற்கேற்பக் குறுகிய நேர இன்சுலினை மட்டும் ஏற்றும் 'ஸ்லைடிங் ஸ்கேல்' முறை இன்றும் ஒழியவில்லை. வீடு பற்றிய பின் வாளி தேடும் வேலை அது. 2011இல் வெளிவந்த 'ராபிட் 2 சர்ஜரி' ஆய்வில், அம்முறையில் 24.3 விழுக்காட்டினருக்குத் தொற்று உள்ளிட்ட சிக்கல்கள் நேர்ந்தன. நாள்முழுதும் செயல்படும் இன்சுலினோடு உணவுவேளை இன்சுலினையும் திட்டமிட்டுக் கொடுத்த பிரிவில் அது 8.6 விழுக்காடே. அப்பிரிவில் தாழ்சர்க்கரை மிகுதியாக இருந்தது என்பதும் உண்மை. அடிக்கடி அளக்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெறும் பாடம். பழைய முறைக்குத் திரும்புவதன்று.

எண்ணைக் கண்டு அஞ்சி அளவுக்கு மீறிக் குறைப்பதும் தீங்கே. 2009ஆம் ஆண்டின் 'நைஸ்-சுகர்' ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. சர்க்கரையை 81–108க்குள் இறுக்கிப் பிடித்த பிரிவில் இறப்பு 27.5 விழுக்காடு, 180க்குள் வைத்த பிரிவில் 24.9 விழுக்காடு. அறுவைக் காலத்தில் 100 முதல் 180 வரை போதுமென்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைப்பது சோம்பலால் அன்று.

ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வின் மதிப்பீட்டின்படி 2021இல் இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10.1 கோடி. இவர்களுள் பலர் என்றேனும் அறுவை மேசைக்கு வருவர். அவர்களுக்காகக் கேட்பது அரிய தொழில்நுட்பமன்று: முன்கூட்டியே எச்பிஏ1சி, எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அவரவர் தாய்மொழியில் ஒரு தாள் (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்), காலை முதல் அறுவையாக இடம், வீண் பட்டினி குறையும், அறுவையின்போதும் பின்னும் தவறாத அளவீடு.

மருத்துவம் பயிலும் நண்பர்களே, அடுத்த முறை அந்த எண்ணைக் காணும்போது 'இவர் என்ன செய்தார்' என்று கேட்குமுன், 'இவ்வுடலுக்கு நாம் என்ன செய்தோம்' என்று கேளுங்கள். மாற்றுக் கருத்துடையோர் தரவுகளோடு வருக, உரையாடுவோம்.