மண்ணுள் உறங்கும் பாசறைகள்

போர்க்களங்களுக்குக் கல் நாட்டும் உலகம் பாசறைகளை எளிதில் மறந்துவிடுகிறது. படைகள் மோதிய இடத்திற்கு நினைவுச்சின்னம் உண்டு. அப்படைகள் மாதக்கணக்காகத் தங்கிச் சமைத்து, உண்டு, நோயுற்று, வீட்டுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த இடத்திற்குப் பெரும்பாலும் யாதோர் அடையாளமும் இல்லை. இன்று அங்கே காடு மண்டியிருக்கும். அல்லது சோளம் விளைந்திருக்கும். அத்தகைய இடங்களைத் தேடிச்சென்று, உலோகங்காட்டி என்னும் கருவியால் நிலத்தைத் துழாவி, பழைய வீரர்களின் பொத்தான்களையும் சன்னங்களையும் தோண்டியெடுப்பது ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருக்கு ஓய்வுநாட் பொழுதுபோக்காக இருந்துவருகிறது. இது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டா, அன்றி வரலாற்றிலிருந்து செய்யும் களவா என்னும் வினா அங்கு நெடுங்காலமாக எழுப்பப்படுகின்றது. பழமையைப் போற்றும் எவரும் எண்ணிப்பார்க்கவேண்டிய வினா இது.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்வோம். அப்போரில் மாண்ட வீரருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரை மாய்த்தவை எதிரியின் குண்டுகளல்ல. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் சின்னமுத்தும் போன்ற நோய்களே. அந்நோய்கள் பரவிய இடம் பாசறை. 1863ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், வேர்ஜினியா மாநிலத்து ரப்பிடான் ஆற்றின் வடபால் வடமாநிலத்துப் படையினர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மரக்குடில் அமைத்துத் தங்கினர். ஆற்றின் தென்பால் தென்மாநிலத்துப் படையினர் தங்கினர். இளவேனில் வந்ததும் இரு படைகளும் எழுந்து சென்றன. குடில்கள் உக்கின. அடுப்புக் கற்களும், ஆணிகளும், அறுந்து விழுந்த பொத்தான்களும், இடைவாரின் கொளுவிகளும், உருக்கிய ஈயமும், பொழுது போகாத வீரனொருவன் சன்னத்தைச் செதுக்கிச் செய்த சதுரங்கக் காயும் மண்ணில் எஞ்சின.

பாசறை என்னுஞ் சொல் தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலே அரசனது பாசறையைக் காண்கிறோம். காட்டினுள் அமைந்த பாடிவீடுகளும், விளக்கேந்தும் மகளிரும், நாழிகை அறிந்து சொல்வோரும், உறக்கமின்றித் தன் படையை நினைந்திருக்கும் வேந்தனும் அங்கே நம் கண்முன் தோன்றுகின்றனர். ஆயினும் புலவர் பாட்டு வேந்தனின் நெஞ்சத்தைச் சொல்கிறது. வாயிலிற் காவல் நின்றவன் என்ன நினைந்தான், என்ன உண்டான் என்பதை அது விரித்துரைப்பதில்லை. உலகின் போர்வரலாறுகளும் பெரும்பாலும் அவ்வாறே தளபதிகளின் பெயரால் எழுதப்பட்டவை. எழுதத் தெரியாத, எழுதியது காக்கப்படாத சாதாரண வீரனின் வாழ்வை அறிவதற்கு அவன் தவறவிட்ட சிறுபொருள்களே பலவேளைகளில் எஞ்சியுள்ள சான்று. இழக்கப்படுவது யாதென உணர்வதற்கு இதனை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

உலோகங்காட்டியின் வரலாறும் போரோடு பின்னிப்பிணைந்ததே. இரண்டாம் உலகப் போரின்போது, ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் படை அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி, நிலக்கண்ணிகளைக் கண்டறிவதற்கு ஒருவர் கையிற் கொண்டுசெல்லத்தக்க கருவியொன்றை அமைத்தார். காப்புரிமை கோராது அதனைப் பிரித்தானியப் படைக்கு அளித்தார். 1942இல் எல் அலமெய்ன் போரில் அத்தகைய 500 கருவிகள் பயன்பட்டன. கம்பிச் சுருளொன்றிலிருந்து எழும் காந்தப்புலம் மண்ணுள் கிடக்கும் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அம்மாறுதலைக் கருவி ஒலியாக்கித் தருகிறது. போர் முடிந்தபின் படையினர் கழித்த இத்தகைய கருவிகளை மலிவாக வாங்கியோர் பழைய பாசறைகளைத் தேடிப் புறப்பட்டனர். உயிர் காக்கப் பிறந்த கருவி பொருள் சேர்க்கும் கருவியாயிற்று. அது உயிர் காக்கும் பணியை நம் நாடும் அறியும். 2009இல் போர் ஓய்ந்தபின், வன்னி நிலத்தில் கண்ணிவெடி அகற்றுவோர் இக்கருவியோடு அடிக்கு அடி நகர்ந்ததை நம்மவர் கண்டிருக்கின்றனர்.

பொழுதுபோக்காகத் தோண்டுவதால் நேரும் தீங்கு என்ன? பொத்தான் ஒன்று மண்ணிற் கிடக்கும்வரை, அது இந்த அடுப்பின் அருகே, இந்த ஆணிகளோடு, இந்த ஆழத்தில் கிடக்கிறது. படைப்பிரிவின் எண் அதிற் பொறிக்கப்பட்டிருப்பின், எப்பிரிவினர் எக்குடிலில் வாழ்ந்தனர் என்று அது சொல்லும். அதனைப் பிடுங்கிப் பையில் இட்டவுடன் அதன் வாயடைந்துவிடுகிறது. பல்லடையாளம் பதிந்த சன்னங்களைப் பற்றிய கதையே இதற்குத் தக்க சான்று. சத்திரசிகிச்சையின்போது வலி பொறுக்கமாட்டாத வீரன் கடித்தது என்று கூறி அவற்றை விற்பவர் உண்டு. ஆராய்ந்தவர்களோ, அவற்றுட் பல பன்றிகள் மென்றவை என்கின்றனர். எங்கே, எதன் அருகே கிடந்தது என்னும் குறிப்பு இருந்தால் மருத்துவக் கூடாரமா, பன்றி மேய்ந்த வெளியா என்று தீர்ப்பதற்கு வழியுண்டு. அக்குறிப்பு இல்லாதபோது விற்பவன் சொல்லே வரலாறாகிவிடுகிறது.

இதனால் கருவியையே வெறுத்தொதுக்கல் தகாது. தொல்பொருள் அறிஞர் சிலர் நெடுநாள் அவ்வாறு வெறுத்தனர். ஆயின், குறித்த இடைவெளிகளிற் சிறு குழி தோண்டிப் பார்க்கும் அவர்களது வழக்கமான முறையினால், சில மாதங்களே நிலைத்த பாசறைகளைக் கண்டுபிடிப்பது அரிதாயிற்று. அவ்விடங்களைக் கண்டறிந்தோர் பெரும்பாலும் பொழுதுபோக்குத் தேடுநரே. இரு சாராரும் கூடினால் விளையும் நன்மையைப் போர்க்களமொன்று முதலிற் காட்டியது.

மொன்டானா மாநிலத்து லிற்றில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில், 1876ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி, கஸ்ரர் என்னும் தளபதியும் அவரது நேரடி அணியினர் இருநூற்றுக்கு மேற்பட்டோரும் லக்கோட்டா, செயென் மக்களோடு பொருது மாண்டனர். அப்பழங்குடி மக்கள் கூறிய சாட்சியங்களை வரலாற்றாசிரியர் பலர் நூறாண்டுகள்வரை பொருட்படுத்தவில்லை. 1983இல் அங்கே புற்றீ பரவி நிலம் வெறுமையாயிற்று. அடுத்த ஆண்டில் டக்ளஸ் ஸ்கொட், ரிச்சார்ட் பொக்ஸ் என்னும் அறிஞர்கள், உலோகங்காட்டியிற் பழகிய தொண்டர்களை வரிசையாக நிறுத்தி ஆய்வு நடத்தினர். ஒலி எழுந்த இடந்தோறும் சிறு கொடி நாட்டப்பட்டது. இடத்தை அளந்து குறிக்கும்வரை எப்பொருளும் அகற்றப்படவில்லை. ரவைக்கோதுகளில் துப்பாக்கியூசி பதித்த தடத்தை ஒப்புநோக்கி, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே சென்றது என்பதையும் கண்டனர். பழங்குடியினரிடம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் பல இருந்தமையும், படையினரின் ஒழுங்கு இறுதியில் குலைந்தமையும் புலனாயின. புறக்கணிக்கப்பட்டோரின் வாய்மொழிக்கு மண் சான்று பகர்ந்தது.

ஜேர்மனியில் நிகழ்ந்ததும் இத்தகையதே. 1987இல் ரொனி கிளன் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி, கல்க்றீஸ என்னும் ஊரருகே உரோமர் காலத்து வெள்ளி நாணயங்களைக் கண்டார். அவர் அதனை மறைக்கவில்லை. அப்பகுதித் தொல்பொருள் அறிஞர் வொல்ப்காங் சுலூற்றருக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டில் அவர் கண்ட கவண் ஈயக்குண்டுகள் அங்கே படையினர் இருந்தமையை உணர்த்தின. கி.பி. 9இல் உரோமரின் மூன்று படைப்பிரிவுகள் அழிந்த போரின் களமாக அறிஞர் பலர் இன்று அவ்விடத்தைக் கொள்வது அவ்வறிவிப்பின் பயனாகும். பாசறைகளுக்கும் இம்முறை பொருந்தும் என்பதை, வேர்ஜினியாவில் ஜேம்ஸ் மடிசனின் மொன்ட்பீலியர் வளவு காட்டுகின்றது. அங்கே அறிஞரும் பொழுதுபோக்குத் தேடுநரும் ஒருங்கே பணியாற்றி, அடிமைகளாக வாழ்ந்தோரின் குடியிருப்புகளையும் கண்டறிந்துள்ளனர்.

சட்டமும் இதில் வேண்டற்பாலதே. ஐக்கிய அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசின் நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதைக் குற்றமாக்கியது; தனியார் நிலமோ பெரும்பாலும் உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், பொதுமக்கள் தாம் கண்ட பொருள்களை மனமுவந்து பதிவுசெய்கின்றனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அவ்வாறு பதிவாகியுள்ளன. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளுக்காக அகழ்தல் கூடாது. எனினும் காடெங்கும் காவலரை நிறுத்த எவ்வரசாலும் இயலாது. இறுதியிற் காவல் நிற்கவேண்டியது தோண்டுபவனின் மனச்சாட்சியே.

உயிருக்கு வரும் இடரையும் மறத்தலாகாது. 2008இல் வேர்ஜினியாவில், உள்நாட்டுப் போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டொன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து மாண்டார். போர் முடிந்து 140 ஆண்டுகள் கடந்தும் குண்டின் குணம் மாறவில்லை.

ஆகவே நாம் கூறவிரும்புவது இதுவே. நிலத்துக்குரியவரின் இசைவும் சட்டத்தின் இசைவும் இன்றி எவரும் மண்ணைத் தொடலாகாது. தொடுவோர், பொருளை எடுக்குமுன் அதன் இடத்தையும் ஆழத்தையும் அயலிற் கிடப்பனவற்றையும் எழுதிக்கொள்ளல் வேண்டும்; எழுதியதை அறிஞரிடம் சேர்ப்பித்தலும் வேண்டும். வாங்குவோர் விலையைக் கேட்குமுன் கிடைத்த இடத்தைக் கேட்பாராயின், களவின் ஊதியம் தானே குறையும். அறிஞரும் தேடுநரைத் திருடர் என்று தள்ளாது, மாணாக்கராகவும் துணைவராகவும் ஏற்றல் வேண்டும். பெயரில்லாத வீரனின் பொத்தான் ஒருவர் வீட்டுப் பேழையில் மினுங்குவதால் அவன் வாழ்வு எவர்க்கும் விளங்காது. போர் கண்ட நிலத்தில் வாழும் நமக்கு, எளியவர் விட்டுச்சென்ற சான்று எத்துணை அரியது என்பதைப் பிறர் சொல்லவேண்டியதில்லை.