பாதியில் அணைந்த சூளை

தோழனே!

கம்மாபுரத்துக்காரனுக்கு விருத்தாசலத்துச் சூளையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பீங்கான் தொழிலாளியைக் கேட்டுப்பார், பாதி வேக்காட்டில் நெருப்பு அணைந்தால் என்ன ஆகுமென்று. பீங்கானும் ஆகாது, பழையபடி களிமண்ணும் ஆகாது என்பார்!

2020 மார்ச்சில் அப்படியொரு நெருப்பு அணைந்தது. கொரோனா வந்தது, கல்லூரிகள் மூடப்பட்டன. "வீட்டிலிருந்தே படி" என்றனர். எந்த வீட்டிலிருந்து? பாட்டன் கைநாட்டு, அப்பன் அன்றாடக் கூலி, ஓரறையில் ஐவர் உறக்கம் - அந்த வீட்டிலிருந்தா? 2017-18 தேசிய மாதிரி ஆய்வு கூறிற்று: இந்தியச் சிற்றூர்களில் நூறு வீடுகளில் இணைய வசதி பெற்றவை ஏறத்தாழப் பதினைந்து, கணிப்பொறி உள்ளவை நான்கு!

நோய் பொதுவானது என்றனர். நோய் பொது; இழப்பு பொதுவா? பரம்பரையாகப் படித்த வீட்டுப் பிள்ளைக்கு மூடியது ஒரு கட்டடம். மேசை வீட்டிலுண்டு, நூலுண்டு, ஐயம் தீர்க்க அண்ணன் உண்டு. குலத்திலே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கோ மேசையும் கல்லூரியிலே, விளக்கும் கல்லூரியிலே, வழிகாட்டும் வாயும் கல்லூரியிலே! கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியின் கதவு மூடியபோது, அவனுக்கு உலகத்தின் கதவே மூடிற்று.

முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. நன்று, வாழ்த்துவோம்! ஆனால், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். தனிமையைத் தள்ளுபடி செய்ய முடியுமா? 9 லட்சத்து 69 ஆயிரம் மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு இலவசம் என அரசு அறிவித்தது 2021 ஜனவரியில். கல்லூரி பூட்டியதோ 2020 மார்ச்சில்! இடையில் பத்துத் திங்கள். கருவியே இல்லாதவன் கையில் தரவட்டை, கிணறில்லா ஊரில் கயிறு!

கடல் கடந்தும் இதே கதை. அமெரிக்காவில், மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய உழைப்பாளர் வீடுகளின் முதல் பட்டதாரிகள் இவ்வாறே தவித்தனர். 2020 மார்ச்சில் மாணவர்க்கென நிதி ஒதுக்கினர். ஏப்ரலில், குடியேற்ற ஆவணமில்லாதவர்க்குப் பங்கில்லை என்றது அந்நாட்டுக் கல்வித் துறை. நிறம் வேறு, மொழி வேறு. நெஞ்சின் புண் ஒன்று!

தோழனே, 2020-இல் கலைக் கல்லூரியில் சேர்ந்தவன் 2023-இல் பட்டம் பெற்றிருக்க வேண்டும். உன் தெருவில் பெற்றானா? செங்கல் சுமக்கப் போனவன் எவன்? மணமேடையில் படிப்பை முடித்துக்கொண்ட தங்கை எவள்? அவர்கள் மந்தமானவர்கள் அல்லர், நெருப்பு மறுக்கப்பட்டவர்கள்.

ஆகவே, இரண்டு வேலை உனக்கு. வீடு வீடாகச் செல். நின்றுபோனவர் பெயரை எழுது. கல்லூரி வழியோ, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியோ மீண்டும் சேர்த்துவிடு. நம் மூத்தோர் ஊருக்கு ஊர் படிப்பகம் கண்டனர். பூட்டிக் கிடப்பதைத் திற, மேசையிடு, விளக்கிடு, இணையமும் கொடு. ஒன்றியந்தோறும் இதைச் செய்க என அரசையும் கேள். நம்மவர் ஆட்சியானாலும் கேள்!

மண் நம்முடையது. சூளையும் நம்முடையது. நெருப்பை மூட்டு!