கைநாட்டும் கைபேசியும்

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையும் விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும் சந்திக்கும் சேத்தியாத்தோப்பில், சாலையோரம் விரித்த குடையின் நிழலில் சிம் கார்டு விற்கும் இளைஞர் ஒருவரின் எதிரே, கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய கையுடன் ஒரு மூதாட்டி நின்றதைச் சில நாட்களுக்கு முன் கண்டேன். "ரேகை விழல பாட்டி, இன்னொரு தடவை வைங்க" என்றார் அவர். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு பாட்டி மறுபடி வைத்தார். மூன்றாம் முறையும் வைத்தார். அந்த இளைஞர்மீது எனக்குச் சந்தேகம் ஏதுமில்லை. உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காதது அன்றாட விஷயம். ஆயினும், மூன்று முறை வைத்த விரலுக்கு எத்தனை எண்கள் பிறந்தன என்பதை அறிந்துகொள்ள அந்தப் பாட்டிக்கு அங்கே என்ன வழி இருந்தது என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

சிம் கார்டு வாங்குவோர் தம் அடையாளத்தைப் பதிவு செய்யவேண்டும் என்ற நியதி நியாயமானதே. வங்கிக் கணக்கின் திறவுகோல் கைபேசி எண்ணாகிவிட்ட காலத்தில், 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓய்வூதியத்தைப் பறிப்பவன் பேசும் எண், பெரும்பாலும் தன்பேரில் அப்படியொரு எண் இருப்பதையே அறியாத ஏழை ஒருவரின் பெயரில்தான் இருக்கும். போலி அடையாளத்தால் எண் பெறும் அபாயத்தை முன்னிட்டே, அபிஷேக் கோயங்கா தொடுத்த வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் முன்கட்டண இணைப்புகளின் சரிபார்ப்புப் பற்றித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தொலைத்தொடர்புத் துறை புதிய வழிமுறைகளை வகுத்தது.

2017 மார்ச் 23 அன்று அத்துறை வெளியிட்ட சுற்றறிக்கையோ, லோக்நீதி அறக்கட்டளை வழக்கின் உத்தரவைக் காரணம் காட்டி, நாட்டிலுள்ள எல்லாக் கைபேசி எண்களையும் ஆதாரைக் கொண்டு மறுபடி சரிபார்க்கச் சொன்னது. 2018 செப்டம்பர் 26 அன்று, ஆதார் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அந்தச் சுற்றறிக்கையைச் செல்லாதென அறிவித்தது. சிலர் செய்யும் துஷ்பிரயோகத்தைக் காட்டி அத்தனை பிரஜைகளின் அந்தரங்கத்திலும் தலையிடுவது தகாது என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டுச் சட்டத் திருத்தம், ஆதார் அவரவர் விருப்பம் என்றும், பாஸ்போர்ட் முதலிய ஆவணங்களும் செல்லும் என்றும் வகுத்தது. ஏட்டில் அப்படி இருக்க, கூட்டுரோட்டுக் குடையின் கீழ் "ஆதார் இருக்கா?" என்பதே முதற் கேள்வியாகவும், பல நேரங்களில் ஒரே கேள்வியாகவும் இருக்கிறது.

மெக்சிகோ தேசம் 2009-இல் கைபேசி வைத்திருப்போரின் பதிவேட்டைத் தொடங்கி, குற்றங்கள் குறையாமை கண்டு 2012-இல் அதைக் கைவிட்டது. பதிவேட்டில் பெயர் இருப்பதனால் மட்டும் குற்றவாளி அகப்பட்டுவிடுவதில்லை. அந்தப் பெயர் உண்மையில் பேசுபவனுடையதாகவும் இருக்கவேண்டும். நம் சர்க்காரும் இதை உணர்ந்தே 2023 டிசம்பர் முதல் விற்பனை முகவர்கள் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்றும், தவறு செய்பவர் மூன்றாண்டு கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்படுவர் என்றும் விதித்தது. 2024 ஜனவரி முதல் காகித விண்ணப்பங்களை நிறுத்தியது. ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகளுக்கு மேல் கூடாது. மோசடியாலோ ஆள்மாறாட்டத்தாலோ சிம் பெறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று கூறும் தொலைத்தொடர்புச் சட்டப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது.

தண்டனைகள் கடுமையானவை, ஆனால் அவை யாவும் குற்றம் நடந்த பின் வருபவை. தம் பெயரிலுள்ள எண்களைப் பார்த்து, 'இது என்னுடையதன்று' என்று தெரிவிக்க 2023 மே மாதம் முதல் 'சஞ்சார் சாத்தி' தளம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், எனினும் இணையமும் எழுத்தறிவும் உள்ளவருக்கே அது கதவு திறக்கும். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அது எட்டாத உயரம்.

நம் தாத்தா காலத்தில் அரைக் காணி நிலம் கிரயம் செய்யப் போனாலும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டி, அவர் கேட்டுச் சம்மதித்த பிறகே, சாட்சிகளின் முன்னிலையில் கட்டைவிரலில் மை தடவினார்கள். கைநாட்டு வைப்பவர் கல்லாதவராயினும், தாம் எதற்கு விரல் வைக்கிறோம் என்று அறியும் உரிமை அவருக்கு உண்டென்பதை அந்த மரபு மதித்தது. மை போய்க் கண்ணாடி வந்ததனால் அந்த உரிமை போய்விடலாகாது.

ஆகவே, நான் வேண்டுவது இதுதான். விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும், எதற்காக வைத்தோம், எந்த எண் பிறந்தது, இன்று நம் பெயரில் மொத்தம் எத்தனை எண்கள் உள்ளன என்பதைத் தமிழில் அச்சிட்ட ரசீதாகத் தரவும், படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லவும் விற்பவரைச் சட்டம் கடமைப்படுத்தவேண்டும்; ரேகை விழவில்லை என்றால், அதையும் அந்த ரசீதே சொல்லவேண்டும்; தவறுக்கு முகவரோடு நிறுவனமும் பொறுப்பேற்கவேண்டும். சர்க்காருக்கு நம்மை அடையாளம் காட்டுவது நம் கடமையானால், நம் பெயரால் நடந்ததை நமக்குக் காட்டுவது சர்க்காரின் கடமை. சேத்தியாத்தோப்புப் பாட்டி அன்று சிம் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு பேருந்து ஏறினார். அந்த முடிச்சில் ஒரு துண்டுச் சீட்டும் சேர்ந்து இருந்திருக்கவேண்டும்.