படங்களைத் தின்ற காதல் கடிதம்!

2000-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி, வியாழக்கிழமை. உலகமெங்கும் லட்சக்கணக்கான மனிதர்களுக்கு அன்று ஒரு காதல் கடிதம் வந்தது. கம்பெனி முதலாளிகளுக்கு வந்தது. பேரன் பேத்தி எடுத்த கிழவர்களுக்கு வந்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கும் வந்தது! "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்பது அந்த இ-மெயிலின் தலைப்பு. கூடவே இணைத்திருக்கும் கடிதத்தைப் படித்துப் பார்க்கும்படி உள்ளே ஒரே ஒரு வரி.

அனுப்பியவர் முன்பின் தெரியாத ஆசாமியும் அல்ல. பக்கத்து அறையில் வேலை செய்யும் குமாஸ்தாவாக இருப்பார். அல்லது எப்போதோ கடிதம் போட்ட சிநேகிதராக இருப்பார். ஆவல் யாரை விட்டது? திறந்தார்கள்.

திறந்த மாத்திரத்தில் விஷமம் தொடங்கியது. கம்ப்யூட்டரில் இருந்த விலாசப் புத்தகத்தை அந்த வைரஸ் எடுத்துக்கொண்டது. அதில் கண்ட அத்தனை பேருக்கும், உடையவர் பெயராலேயே, அதே காதல் கடிதத்தை அனுப்பியது. பிறகு வீட்டுக்குள் புகுந்த திருடன் பெட்டி பெட்டியாகத் துழாவுவதுபோல டிஸ்க் முழுவதும் துழாவியது. 'ஜேபெக்' என்று சொல்லப்படும் புகைப்படப் பைல் எங்கே கண்ணில் பட்டாலும், அதன்மீது தன்னையே எழுதி வைத்தது. பாட்டுப் பைல்களை மட்டும் அழிக்காமல் ஒளித்து வைத்ததோடு நிறுத்திக் கொண்டது. பாட்டுக்கு மன்னிப்பு, படத்துக்கு மரண தண்டனை! இந்தப் பாரபட்சம் ஏன் என்பது எழுதியவனுக்கே வெளிச்சம்.

பிரிட்டிஷ் காமன்ஸ் சபை தன் இ-மெயில் போக்குவரத்தையே அன்று நிறுத்தி வைத்தது. நஷ்டம் பல நூறு கோடி டாலர் என்று மதிப்புப் போட்டார்கள். வேலை கெட்ட நேரத்துக்குக் கணக்குப் போடலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்கு எந்தக் கணக்கர் விலை போடுவார்?

குற்றம் யாருடையது?

திறந்தவர்கள் முட்டாள்கள் என்று அப்போது பலர் ஏளனம் செய்தார்கள். அது நியாயமான பேச்சு அல்ல. அந்தப் பைலின் பெயரில் இரண்டு வால்கள் இருந்தன. முதல் வால் 'டி.எக்ஸ்.டி.', சாதாரண எழுத்துப் பைல் என்று அர்த்தம். இரண்டாவது வால் 'வி.பி.எஸ்.', இது கம்ப்யூட்டருக்குக் கட்டளை இடும் பைல் என்று அர்த்தம். விண்டோஸ் என்ன செய்தது? பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கடைசி வாலை மறைத்துக் காட்டியது. பார்த்தவருக்குத் தெரிந்தது வெறும் கடிதம்தான். புலியின் வாலை வெட்டிவிட்டுப் பூனை என்று காட்டினால், தடவிக் கொடுத்தவனைக் குறை சொல்லி என்ன பயன்?

வைரஸின் ஊர் பிலிப்பைன்ஸ் தேசத்துத் தலைநகரமான மணிலா என்று போலீசார் கண்டுபிடித்தார்கள். ஓனல் டி குஸ்மான் என்ற கம்ப்யூட்டர் கல்லூரி மாணவர் மீது சந்தேகம் விழுந்தது. பிறருடைய இன்டர்நெட் பாஸ்வேர்டைக் கைப்பற்றுவது எப்படி என்று அவர் கொடுத்த ஆராய்ச்சித் திட்டத்தைக் கல்லூரி ஏற்கனவே தள்ளியிருந்தது. ஆனால் வழக்கு நிற்கவில்லை. வைரஸ் விடுவது குற்றம் என்று சொல்ல அந்த நாட்டில் அன்று சட்டமே இல்லை! ஜூன் மாதம் அவசரமாக ஒரு சட்டம் செய்தார்கள். மே மாதத்துக் குற்றத்துக்கு அது செல்லாது அல்லவா? ஆகஸ்டு மாதம் வழக்கைக் கைவிட்டார்கள். இருபது வருஷங்களுக்குப் பிறகு, 2020-ல், ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டி குஸ்மானைத் தேடிப் பிடித்தார். மணிலாவில் செல்போன் பழுது பார்க்கும் சிறு கடையில் இருந்த அவர், வைரஸை எழுதியது தாமே என்று ஒப்புக்கொண்டார். பணம் கொடுத்து இன்டர்நெட் வாங்க வசதியில்லை, பாஸ்வேர்டு திருடத்தான் எழுதினேன் என்றார்.

நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே 2000-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதிதான் அமுலுக்கு வந்தது. வைரஸ் புகுத்துவது அதன் 43-வது பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்துடன் செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நெகட்டிவ் இல்லாத படம்

இந்தத் தொல்லையில் அதிகமாக அடிபடுகிறவர், பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர். ஏன் என்று பார்ப்போம். கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் தொழில்காரரின் படங்கள் கல்யாண வீட்டாரிடம் ஒரு பிரதி இருக்கும். பத்திரிகைப் புகைப்படக்காரரின் படம் பத்திரிகை ஆபீசில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏரிக்கரைச் சேற்றில் நின்று நாரைக்காகக் காத்திருக்கிறாரே ஒருவர், அவருடைய படம் அவரிடம் மட்டுமே இருக்கிறது. யாரும் கேட்டு வாங்காத படம் அது.

பிலிம் இருந்த காலத்தில் ஆல்பத்தைக் கரையான் அரித்தாலும் நெகட்டிவ் ஒரு காகித உறையில் பத்திரமாக இருந்தது. படம் ஒன்று, அதன் தாய் வேறொன்று. டிஜிட்டல் காமிராவில் தாயும் பிள்ளையும் ஒரே பைல். கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறோம். அடுத்த வாரத்துக்கு இடம் வேண்டுமே என்று கார்டைத் துடைக்கிறோம். அந்த நிமிஷத்திலிருந்து உலகத்தில் அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். 2000-ல் நெகட்டிவை ஸ்கேன் செய்து வைத்திருந்தவருக்கு வைரஸால் போனது உழைப்பு மட்டுமே. புதிதாக டிஜிட்டல் காமிரா வாங்கி ஆனந்தப்பட்டவருக்குப் படமே போயிற்று.

தேடினால் கிடைக்குமா?

போனது திரும்புமா என்பது எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. ஒரு பைலை 'அழி' என்றால் கம்ப்யூட்டர் உண்மையில் அதை அழிப்பதில்லை. நூலகத்துப் பதிவேட்டில் புத்தகத்தின் பெயரை அடித்துவிடுவதுபோல, 'இந்த இடம் காலி' என்று குறித்துக் கொள்கிறது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கும், வேறு புத்தகம் அங்கே வந்து உட்காரும் வரையில். காதல் கடித வைரஸ் பெயரை மட்டும் அடிக்கவில்லை, பைலின் மேலேயே எழுதியது. அதனால்தான் மீட்பது கடினம், முடியாமலும் போகலாம் என்று அமெரிக்காவின் கார்னகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பாதுகாப்பு நிபுணர்கள் அப்போதே எச்சரித்தார்கள்.

வெறுமனே அழிந்த படமானால் நம்பிக்கை உண்டு. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற இரண்டு எண்களுடன் ஆரம்பித்து, 255, 217 என்ற எண்களுடன் முடிகிறது. பதிவேட்டைப் பாராமல், டிஸ்க் முழுவதும் இத்தகைய அடையாளங்களைத் தேடிப் பிடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. பிரான்ஸ் தேசத்துக் கிறிஸ்டோப் கிரெனியே எழுதிய 'போட்டோரெக்' காசில்லாமலே கிடைக்கிறது. ஆனால் மீண்டு வரும் படத்துக்குப் பெயர் இராது. "தங்கை கல்யாணம்" என்று பெயர் வைத்த படம் கைதியைப்போல ஒரு நம்பருடன் வந்து நிற்கும். இப்படிப் பத்தாயிரம் படங்களைத் தரம் பிரிக்க உட்காருகிறவரின் பொறுமைக்குக் கும்பிடு போட வேண்டும்! காமிரா படத்துக்குள்ளேயே தேதியையும் நேரத்தையும் பொறித்து வைத்திருப்பது ஒன்றே அவருக்குத் துணை.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். படம் போயிற்று என்று தெரிந்த கணமே அந்தக் கார்டிலோ டிஸ்கிலோ எதையும் எழுதக்கூடாது. மீட்பு மென்பொருளைக்கூட வேறு டிஸ்கில்தான் வைக்க வேண்டும். பலர் அவசரத்தில் அதே டிஸ்கில் இறக்கி, எதை மீட்க வந்தார்களோ அதன்மேலேயே எழுதிவிடுகிறார்கள். இப்போது வரும் 'எஸ்.எஸ்.டி.' டிஸ்குகளில் இன்னொரு சங்கடம். அழித்த இடத்தை அவை தாமாகவே சுத்தம் செய்துவிடுவதால், மீட்க மிச்சம் இருப்பது அபூர்வம்.

பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறான்!

இன்றைய வைரஸ்காரன் படத்தை அழிப்பதில்லை. பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை பேசுகிறான். 2018-லிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய 'ஸ்டாப்' என்ற கூட்டம் கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி, 490 டாலர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி மாதிரி! பாதி என்றாலும் இன்று 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு காமிராவே வாங்கிவிடலாம். இது பெரும்பாலும் நுழைந்த வழி, விலை உயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதி. படத்தைத் திருத்தும் மென்பொருளை ஓசியில் இறக்க ஆசைப்பட்டவருக்கு எமனும் சேர்ந்து வந்தான்.

இதிலும் ஒரு விநோதம். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று அந்த வைரஸ், ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டியது. பெரிய படமானால் மீதி அப்படியே இருக்கும். அதே காமிராவில் அதே அளவில் எடுத்த நல்ல படத்தின் தலைப்பகுதியைக் கடன் வாங்கி ஒட்டினால், படத்தின் கீழ்ப்பகுதி மீளுவது உண்டு. மேலே வானம் போய்விடும், நிறம் கொஞ்சம் மாறும். ஆனால் தாத்தாவின் முகம் கிடைக்கும்.

மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில் என்று ஒரு விதி பிரசித்தமாகிவிட்டது. அதைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். 'வேறு இடத்தில்' என்பதை லேசாக எண்ணக்கூடாது. 2021 ஜூன் மாதம், வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் 'மை புக் லைவ்' டிஸ்குகள் பலவற்றை இன்டர்நெட் வழியாக யாரோ காலி செய்துவிட்டார்கள். அந்த ஒரே டிஸ்கை நம்பிப் படங்களை வைத்திருந்தவர்கள் வெறும் டிஸ்கைப் பார்த்து நின்றார்கள். கம்பெனி 2015-க்குப் பிறகு அவற்றின் ஓட்டைகளை அடைக்கவில்லை. விற்றதோடு கடமை தீர்ந்தது என்று ஒரு கம்பெனி நினைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பணத்தைக் கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டியவருக்குச் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2016-ல் டச்சுப் போலீசும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்புக் கம்பெனிகளும் கூடி 'நோ மோர் ரான்சம்' என்ற ஏற்பாட்டைச் செய்தன. கண்டுபிடித்த சாவிகளை அங்கே இலவசமாகத் தருகிறார்கள். பூட்டப்பட்ட படங்களை ஒரு தனி டிஸ்கில் நகல் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுக் காத்திருப்பதே புத்திசாலித்தனம். 2019 அக்டோபரில் எம்சிசாப்ட் கம்பெனி, ஸ்டாப் வைரஸின் 148 வகைகளுக்கு இலவசத் திறவுகோல் வெளியிட்டது. பணமும் கட்டாமல், ஆத்திரத்தில் டிஸ்கைத் துடைக்கவும் செய்யாமல் வைத்திருந்தவர்களுக்கே அது பயன்பட்டது.